பித்தளைப் பின்

உதயரூபனுக்குக் களிமண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சப்பாத்தில் ஒட்டும் என்பதுதான். அந்த அறிவுக்கே அவரைத் தூர்வாரும் வேலைக்கு மனேஜராகப் போட்டிருந்தார்கள். வடிகாலை வெள்ளிக்கிழமை திறப்பதாக ஊரெல்லாம் பதாகை கட்டியாயிற்று. அடியில் கிடந்த களிக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை.

மெசின் ஓட்டும் நல்லரத்தினத்துக்கும் அவசரம்தான். மண்டூர் வயல் வட்டையில் அவருடைய இரண்டு ஏக்கர் நெல் சாண் உயரம் நின்றது. மழைக்கு முன் வடிகால் வாவியைத் தொடாவிட்டால் வெள்ளம் வடிய வழியில்லை, பயிர் அழுகிவிடும்.

வெட்டும் பற்களில் களி அப்பிக்கொள்ளும்போதெல்லாம் சுழல்தண்டைப் பூட்டியிருந்த பித்தளைப் பின், விரலளவு ஆணி, முறிந்தது. முறிவதுதான் அதன் வேலை. அது முறிந்தால்தான் கியர்பொக்ஸ் தப்பும். ஒவ்வொரு முறையும் மெசினை நிறுத்தி, களியைச் சுரண்டி, புதுப் பின் போட அரை மணித்தியாலம். அப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை முடியும். நல்லரத்தினம் இதை உதயரூபனுக்கு மூன்று தரம் விளக்கினார். கருங்கல்லுக்குச் சொல்லியிருக்கலாம்.

புதன் காலை உதயரூபன் ஒரு உருக்கு போல்ட்டோடு வந்தார், புதையல் கண்டவர் மாதிரி.

"பித்தளை எண்டா உடையும்தானே அண்ணன். இதைப் பூட்டுங்க. மறுகா நிப்பாட்டத் தேவல்ல."

"இதைப் பூட்டினா கியர்பொக்ஸ்தான் சேர் உடையும்."

"எனக்குப் படிப்பிக்க வேணாம். பூட்டுங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நல்லரத்தினத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. உடையட்டும், உடைந்தால்தான் இந்த மனுசனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தார். போல்ட்டை நன்றாகவே இறுக்கினார்.

பத்தரைக்குக் கியர்பொக்ஸ் பிளந்தது. எண்ணெய் தண்ணீரில் பரவியது. வெளிறிப்போன உதயரூபனைப் பார்க்க நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. அவர் அதை அடக்கவுமில்லை.

உதயரூபன் கொழும்போடு போனில் கதைத்துவிட்டு வந்தார். "புதுசு வர மூண்டு கிழமையாம். பரவால்ல, திறப்பு விழாவைத் தள்ளியாச்சு."

அவருக்கு விசயம் அவ்வளவுதான். நல்லரத்தினத்தின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. வட்டை முழுக்க ஒரே வெள்ளம். நெல் எந்தப் பக்கம் நின்றதென்றே தெரியவில்லை.

வரம்பில் நின்ற மனைவி அன்னப்பூரணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அந்த மனேஜர் நாசமாப் போவான். ஒரு ஆணியைப் பூட்டி நம்மட பயிரை அழிச்சுப்போட்டான்."

நல்லரத்தினம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்கு ஒரு நட்டு முறுக்கவும் தெரியாது. பூட்டினது நான்."