மூன்றாவது மணி

ஜப்பானின் கனசாவா நகரில் நடனக்காரி கிகுயேவுக்கும் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் எனக்கும் இருபத்தாறு வருடமாக ஒரே சண்டை. வருடந்தோறும் நாங்கள் போடும், பனியில் ஒருத்தி காதலனுக்காகக் காத்திருக்கும் ஆட்டத்தில்தான் அது. அவள் மண்டியிட்டு உட்காருவாள். நான் தந்தியில் கோயில் மணியோசையை மூன்று முறை அடிப்பேன். மூன்றாவது மணிக்கு அவள் எழ வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நான் விடும் இடைவெளிதான் அவளுக்கு ஆகாது.

"ஷிகெ அக்கா, ஏன் இப்படி இழுக்கறீங்க? நீங்க அடிக்கறதுக்குள்ள அவன் வேற ஒருத்தியைக் கட்டி புள்ளையே பெத்துடுவான்!"

"காத்திருக்கறவளுக்கு என்னடி அவசரம்? பஸ்ஸா போயிடும்?"

இந்த இலையுதிர் காலத்தில் சண்டைக்கே நேரமில்லை. கிகுயேவின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மேடையில் தடுமாறினால் அடுத்த வருடம் ஆட்டம் ரிந்தோவுக்குத்தான் என்று எங்கள் நடனக்குழுத் தலைவி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ரிந்தோவுக்கு இருபத்திரண்டு வயது. தனக்கு முழங்கால் இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

ஆட்டத்தன்று மதியம் அரங்கு நிறைந்திருந்தது. கிகுயே உட்கார்ந்தாள். முதல் மணி. இரண்டாவது மணி. மீட்டும் கட்டையை ஓங்கியபடி பார்த்தேன். அவள் முதுகு அசைந்தது, முழங்கால் அசையவில்லை. நான் அடித்து அவள் எழாவிட்டால் கதை முடிந்தது. அதனால் அடிக்கவில்லை.

ஓங்கிய கையை இறக்காமல் அப்படியே பிடித்திருந்தேன். மேளக்காரர் தட்சுமி என்னைத் திகைத்துப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, அடிக்கு முன் மேளக்காரர்கள் எழுப்பும் "யோ...ஓ..." குரலை எடுத்து இடைவெளியை நிரப்பினார். மூச்சு தீர்ந்து, முகம் உப்பில் ஊறிய பிளம் பழமாய்ச் சிவந்தது. இன்னொரு மூச்சை இழுத்து மறுபடி எடுத்தார், பாவம். வலியில் கிகுயேவின் விசிறி நடுங்கியது, கண்ணீர் வழிந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கைக்குட்டைக்குள் தேம்பினார். எனக்கும் அழுகைதான். பாதி கைவலி, பாதி அவளுக்காக.

மெல்ல எழுந்தாள். அடித்தேன்.

ஒப்பனை அறைக்குத் தலைவியே வந்தார்.

"என்ன காத்திருப்புடி அது! இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்ல. அடுத்த வருஷமும் நீங்க ரெண்டு பேரும்தான். அப்படியே செய்யணும்!"

"அப்படியேவா? அப்ப எனக்குப் பதிலா வேற ஆளைப் பாருங்கம்மா," என்று இருமினார் தட்சுமி.

தலைவி போனதும், முழங்காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்த கிகுயே என் பக்கம் திரும்பாமலே முனகினாள்:

"அக்கா, அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் இழுங்க."