முட்டுச்சுவர்

மதுக்கரைக்குப் போகும் வழியில் இருந்த அந்தப் பழைய தேவாலயத்துக்கு லோகப்பிரியா படம் வரையத்தான் போயிருந்தாள். அவள் கட்டடக்கலை ஆசிரியை. கோயில் மண்டபம் ஒன்றையும் கூர்வளைவுகள் கொண்ட இந்தத் தேவாலயத்தையும் வரைந்து, மாணவர்களுக்கு அருகருகே வைத்துக் காட்ட நினைத்திருந்தாள்.

1994 டிசம்பர். உள்ளே பிலோமினா டீச்சர் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். லோகப்பிரியா பென்சிலை எடுத்தபோது தாளின் மேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தாள். வளைவின் உச்சியில் ஒரு விரிசல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் நீண்டது. வெளியே சம்மட்டிச் சத்தம் கேட்டது.

வடக்குப் பக்கம் ஓடினாள். அங்கே நின்றவர் அவளுடைய அண்ணன் திருமூர்த்தி. ஊரூராகக் கோயில்களுக்குக் கல்மண்டபம் கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்டர். தேவாலயத்தை ஒட்டிப் புதுக் கூடம் கட்டும் வேலையை அவர் எடுத்திருப்பது அவளுக்குத் தெரியும். பழைய சுவரில் கைவைப்பார் என்று நினைக்கவில்லை. இடம் போதாதென்று, வெளிச்சுவரைத் தாங்கி நின்ற முட்டுச்சுவர்களில் ஒன்றை முழுதாக இடித்திருந்தார். அடுத்ததில் பாதி போயிருந்தது.

"அண்ணா, நிறுத்தச் சொல்லுங்க! உள்ள வளைவு பொளந்துட்டு வருதுங்க!"

ஆட்கள் சம்மட்டியை இறக்கினார்கள். அவர்கள் முன்னால் தங்கை இப்படிக் கத்தியது திருமூர்த்திக்கு உறைத்தது.

"ஏனம்மணி, இது சும்மா ஒட்டிட்டு நிக்கற சொவுரு. பாரமெல்லாம் உள்ள இருக்கற தூணு தாங்குது. நான் எத்தன மண்டபம் கட்டியிருக்கறேன்!"

"அது வேறங்ண்ணா. கோயில்ல தூணு மேல உத்தரம் படுத்துக் கெடக்குது, பாரம் நேராக் கீழ எறங்கிருது. இங்க உத்தரமே இல்லீங்க. வளைவு ரெண்டு பக்கமும் சொவுத்தத் தள்ளிட்டே நிக்குது. இந்த முட்டுத்தான் வெளிய இருந்து எதுத்துத் தாங்குச்சு. அத எடுத்துப்போட்டீங்க!"

திருமூர்த்தி நாலடி பின்னால் போய் நின்றார். சுவரின் மேல்விளிம்பில் கண்ணை ஓட்டினார். நூல் பிடித்ததுபோல் போக வேண்டிய விளிம்பு நடுவில் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது. அவர் முகம் வெளுத்தது.

"புள்ளைகளத் தெக்கு வாசல்ல கூட்டிட்டு வெளிய போ. ஓடு கண்ணு!"

உள்ளே நுழைந்தவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் பிள்ளைகள் பெரிய வாசலுக்குத்தான் முண்டியடிப்பார்கள். அந்த வழி விரிசலுக்கு நேர் கீழே. டீச்சரின் காதில் சொன்னாள். டீச்சர் பாட்டை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே கையசைத்து, வரிசையாகத் தெற்கு வாசலுக்கு நடத்தினார். கடைசிப் பெண் படி இறங்கும்போது மேலே ஏதோ நறநறவென்றது.

வடக்கே, தூண் நிறுத்தக் கொண்டுவந்திருந்த பெரிய மரங்களை ஆட்கள் சுவருக்கு முட்டாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பிதுங்கிய சுவரின் அடியில் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. திருமூர்த்தி தானே போய்க் குனிந்து மரத்தின் அடியில் கல்லை அடித்து இறுக்கினார்.

"அண்ணா, வந்துருங்க!"

"இன்னொண்ணு வெச்சுப்போட்டு வாரேன்."

இரண்டாவது மரம் ஊன்றியதும் உள்ளே இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். ஜன்னல்கள் வழியாகப் புழுதி பீறிட்டது. மரங்கள் முனகின. சுவர் நின்றது.

புழுதிக்குள்ளிருந்து தவழ்ந்து வந்த திருமூர்த்தி, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார்.

"வந்துட்டாங்கண்ணா."

வளைவு விழுந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகள் நொறுங்கிக் கிடந்தன. திருமூர்த்தி அந்தக் கோலத்திலேயே பங்குச் சாமியாரிடம் போய், "தப்பு என்னுதுங்க. சரி பண்ணிக் குடுக்கறேன்" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸ் பூசை முற்றத்துப் பந்தலில் நடந்தது. லோகப்பிரியா வரைந்து கொடுத்தபடி முட்டுச்சுவர்களையும் விழுந்த வளைவையும் கட்டி முடிக்க மழைக்காலம் வந்துவிட்டது. முட்டுக் கொடுத்திருந்த மரங்களை எடுத்த அன்று திருமூர்த்தி வேறு யாரையும் உள்ளே விடாமல், தான் மட்டும் வளைவின் கீழ் போய் நின்றார். கணக்குப் போட்டவள் அவள்தான். ஆனாலும் வாசலில் நின்றவள் வளைவின் உச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசி மரமும் விலகியது. ஒன்றும் அசையவில்லை.

அவர் அப்போதும் நகராமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாங்கண்ணா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.