வத்தல் தூசியில் ஒரு தடம்

விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் குடோன் ஒன்றைக் காலி செய்து, அதற்குள் ஓர் ஆஸ்பத்திரியை எழுப்பியிருந்தார்கள். எல்லாம் அட்டை. பட்டாசுப் பெட்டி செய்கிற அட்டையை ஆளுயரத்துக்கு நிறுத்திச் சுவர் என்றார்கள். தரையில் சுண்ணாம்புக் கோட்டால் கட்டம் கிழித்துக் கட்டில் என்றார்கள். கடைசியில் ஒரு பெரிய கட்டத்துக்குள் 'தொட்டி' என்று எழுதியிருந்தது. வெந்து வருகிறவர்கள் மேல் தண்ணீர் ஊற்றுகிற இடமாம்.

கண்ணுச்சாமிக்கு இதில் ஒரு துளியும் நம்பிக்கை இல்லை. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளி ஓய்ந்தவர். வண்டி தள்ளத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், வந்தார்.

கூப்பிட்டவள் பிரீத்திகா. அச்சாபீஸ் முதலாளியின் மகள். வீண் நடையையும் வீண் காத்திருப்பையும் ஒழிப்பதற்கென்றே வெளிநாட்டில் ஒரு படிப்பு படித்துவிட்டு வந்திருந்தாள். அப்பா தீக்காய ஆஸ்பத்திரி கட்டப் பணம் போட்டார். மகள் அதைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்தாள். திரையில் சிவப்புப் புள்ளிகள் வாசலில் நுழைந்து, பதிவு அறை தாண்டி, முக்குத் திரும்பி, நீள நடை கடந்து தொட்டிக்குப் போயின.

"முந்நூறு தடவை விபத்து நடத்திப் பார்த்துட்டேன் தாத்தா. நாலு நிமிஷம் பத்து செகண்டுல தொட்டிக்கு வந்துடுறாங்க."

"அந்தப் புள்ளிக்கு எரியுமா தாயி?"

அவள் சிரித்தாள். கண்ணுச்சாமி சிரிக்கவில்லை.

"முக்குல சுத்தி வர வேண்டாம். அங்கன ஒரு கதவு வச்சா நேரா தொட்டிதான்" என்றார். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

"அங்க மருந்து அலமாரி வருது தாத்தா. நர்ஸுங்க நடை பாதியாக் குறையும். நாளைக்குப் பிளான் கையெழுத்தாகுது."

கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் அது செங்கல் சுவர். கண்ணுச்சாமி தள்ளுவண்டியை எடுக்கப் போனார். அந்த முக்கு அவருக்குத் தெரிந்த முக்கு. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு.

நோயாளியாக நடிக்க ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள். வந்ததும் பழக்க தோஷத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நுழைந்தார்கள். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் எவளும் செருப்போடு போக மாட்டாள். பிரீத்திகாவுக்கு அது வசதியாகப் போயிற்று. ஒவ்வோர் ஒத்திகை ஓட்டத்துக்கும் முன்னால் தரையில் கிடந்த வத்தல் தூசியைச் சமமாகப் பரப்பச் சொன்னாள். ஓட்டம் முடிந்ததும் ஸ்டூல் மேல் ஏறி நின்று, யார் எங்கே நடந்தார்கள் என்று தடம் பார்த்துக் காகிதத்தில் கோடு இழுத்தாள். குடோன் முழுக்கத் தும்மல்.

இரண்டாவது ஓட்டத்தில் வெளியே ஒரு லாரி டயர் வெடித்தது. அவ்வளவுதான். இருபது பேரும் முக்கிலிருந்த அட்டைச் சுவரை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"சுவர் இருக்குறது தெரியலையா?" என்று கத்தினாள் பிரீத்திகா.

அவர்களில் ஒருத்தியான வெள்ளைத்தாய் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "சுவரா? கம்பெனியில எங்க ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் தாயி. சத்தம் கேட்டா எதுக்க எது இருந்தாலும் அது வாசல்தான். உங்க சுவரு எங்க காலுக்குத் தெரியலையே!"

எல்லாரும் சிரித்தார்கள். அட்டையை நிமிர்த்தி, டேப் ஒட்டி, தூசியைப் பரப்பி, மூன்றாவது ஓட்டம் தொடங்கியது.

கண்ணுச்சாமி தள்ளிய வண்டியில் வெள்ளைத்தாய் படுத்திருந்தாள். "மெதுவா தள்ளுங்க மாமா. நெசமாவே செத்துரப் போறேன்" என்று கிண்டல் பேசிக்கொண்டே வந்தாள். முக்கில் சட்டென்று பேச்சு நின்றது.

"மாமா, கூட வாரது யாரு?"

"எங்கன?"

"அந்தா, ரெண்டு கையையும் அகட்டி வச்சுக்கிட்டு வாராளே. எங்க கம்பெனிப் பிள்ளை இல்லையே."

கண்ணுச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவளுகள் முனகியும் அலறியும் நடித்துக்கொண்டு வந்தார்கள். நெசமாக வெந்தவள் அலற மாட்டாள். தோல் உடம்பில் உரசாமல் கையை அகட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து வருவாள். அது வண்டி தள்ளியவனுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

ஓட்டம் முடிந்து பெண்கள் எல்லாரும் வெறுங்காலோடே வெளி நிழலில் போய் உட்கார்ந்தார்கள். பிரீத்திகா ஸ்டூலில் ஏறினாள். வெகுநேரம் கோடே இழுக்கவில்லை.

"தாத்தா, இங்க வாங்க."

வெறுங்கால் தடங்கள் எல்லாம் முக்கில் வளைந்து நடைக்குள் போயிருந்தன. ஒன்று மட்டும் வளையவில்லை. நேராக அட்டைச் சுவர் வரைக்கும் போயிருந்தது. டேப் பிரியாமல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே தடம், அதே அடி இடைவெளியில், தொட்டிக்குப் போயிருந்தது. வாசலில் செருப்பை எண்ணினாள். இருபது ஜோடி.

கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார். இடது கால் தடத்தில் சுண்டுவிரல் இல்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனி ஒன்று வெடித்த நாளில், பதினோராவது ஆளாக வெந்த உருவம் ஒன்றை அவர் வண்டியில் ஏற்றினார்கள். முகம் முகமாக இல்லை. "தண்ணி ஊத்துங்க" என்றது. "செத்த பொறு, முக்கைத் திரும்பிட்டா ஊத்திருவாக" என்று தள்ளினார். முக்கில் எதிரே இன்னொரு வண்டி வந்து நின்றுவிட்டது. ஒதுங்க இடமில்லை. அப்போதுதான் கால்மாட்டில் போர்வை விலக, அந்தக் காலைப் பார்த்தார். ஆறு வயதில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி விரல் போன கால். செல்வலட்சுமி. மகள். எதிர் வண்டி வழி விட்டபோது தண்ணீர் கேட்கும் சத்தம் நின்றிருந்தது.

தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து தொட்டிக்குப் போனார். பிரீத்திகாவும் பின்னால் வந்தாள். சுண்ணாம்புக் கட்டத்துக்குள் வத்தல் தூசி சேறாகியிருந்தது. பங்குனி வெயிலில் தகரக் கூரை பொரிந்துகொண்டிருந்தது. கட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை.

பிரீத்திகா கம்ப்யூட்டரை மடியில் வைத்து, அலமாரியை நகர்த்தி, முக்கில் ஒரு கதவு போட்டாள். புள்ளிகள் நேராக ஓடின. இரண்டு நிமிஷம். அப்புறம் எழுந்து வந்து, பேப்பர் வெட்டும் கத்தியால் அட்டைச் சுவரை வாசல் அகலத்துக்கு அறுத்தாள்.

"ஒரே ஒரு தடவை தள்ளிக் காட்டுங்க தாத்தா. டைம் குறிச்சுட்டு இப்பவே பிளானை மாத்திடுறேன்."

வண்டி காலி. ஆனாலும் அவர் குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி அலுங்காமல் தள்ளினார். வாசல் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டுக்குள் வண்டியை நிறுத்தினார். நகரவில்லை.

"தாத்தா, டைம் ஓடுது. வண்டியை வெளிய எடுங்க."

"ஓடட்டும் தாயி. கொஞ்சம் நனைஞ்சுக்கிடட்டும்."