சேவலைப் பார்க்கச் சொன்னவன்

நாமகிரிப்பேட்டையைச் சுற்றி நாலு மைலுக்குள் யாருடைய முட்டை பொரிக்காவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். எழுபத்து நாலிலேயே குஞ்சு பொரிக்கும் மிஷின் வாங்கி வைத்தவன் நான். தகரப் பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, அதன் ஓட்டையில் முட்டையை வைத்துப் பார்ப்பேன். ஏழாம் நாள் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. வெறும் வெளிச்சம் தெரிந்தால் கூமுட்டை. இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு நான் அடித்த ஜம்பம் கொஞ்சநஞ்சமல்ல.

என் வீட்டிலோ கல்யாணமாகி எட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. அதற்கு இந்த மேதாவி கண்ட வழி, மனைவி வசந்தாமணியைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றுவது. மாத்திரை, ஊசி, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தது, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றிப் படம் எடுத்தது, எல்லாம் அவளுக்குத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வருவாள். நான் செவ்வாய்ப்பேட்டையில் தீவனம் விசாரித்துவிட்டு வந்து, கையில் பூப்பொட்டலத்தோடு நிற்பேன். என்னைப் போல் நல்ல புருஷன் உண்டா என்று வேறு நினைத்துக்கொள்வேன்.

டாக்டரம்மா ஒருநாள் என்னை மட்டும் கூப்பிட்டு, "உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் வைத்தேன். மீசை வைத்தவனுக்கு எதற்கு டெஸ்ட்? வசந்தாமணி கேட்டபோது சத்து மாத்திரைக்குச் சீட்டு என்றேன். சட்டை வெளுக்கப் போயிற்று. சீட்டும் அதோடு ஒழிந்தது என்று நிம்மதியானேன்.

இதற்கிடையே என் அம்மா காளியாத்தாள் எனக்கு இரண்டாவதாகப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

எண்பதாம் வருஷம் செங்கோட்டையன் என்ற பண்ணைக்காரர் கூடையோடு வந்தார். பாதி முட்டை பொரிக்கவில்லையாம். "கோழியெல்லாம் வித்துப்போட்டு வேற வாங்கலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். "கோழிய ஏனுங்க குத்தஞ் சொல்றீங்க? மொதல்ல சேவலப் பாருங்க. சேவல்ல கொறையிருந்தா, எத்தன கோழி மாத்தி என்னங்க ஆவும்?"

மோர் கொண்டுவந்த வசந்தாமணி சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் கிளம்பியதும் வந்து, என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள். அதே சீட்டு. வெளுக்கப் போடுமுன் பையைத் துழாவியிருக்கிறாள்.

"நர்சம்மாகிட்டக் காட்டி என்னன்னு கேட்டுக்கிட்டனுங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசமா இருந்தேன். அதுக்குள்ள எனக்கு இன்னொருக்காச் சுத்தம் பண்ணிட்டாங்க" என்றாள். "நாளைக்குச் சேலம் வாரீங்களா, இல்ல நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போவட்டுங்களா?"

குரலில் கோபமே இல்லை.

மறுநாள் போனேன். கையில் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்து மறைவிடம் என்று காட்டியது ஒரு கக்கூஸ். தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. அணுக்கள் குறைவு, விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். செய்துகொண்டு காலை அகட்டி நடந்து வந்தேன். கேட்டவர்களிடம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து வசந்தாமணிக்கு நாள் தள்ளியது. மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். வசந்தாமணிதான் வந்து எழுப்பினாள். "இத்தன வருசமாத் தங்காதது இப்பத் தங்கிச்சே. இன்னொருக்காத் தங்கும், எந்திரிங்க" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். அதிலும் முந்திக்கொண்டாள்.

மறுபடி தங்கியது. ஏழாம் நாளே தீர்ப்புச் சொல்லிப் பழகியவன், ஒன்பது மாதம் ஒன்றும் தெரியாமல் தவித்தேன். எண்பத்து மூன்றில் பெண் குழந்தை பிறந்தது.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். செங்கோட்டையனும் வந்திருந்தார். அம்மா எல்லோரிடமும், "இவ வயித்துல இருந்த தோசம் இப்பத்தான் வெலகிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி தலையைக் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். அவள் சொல்லமாட்டாள். சாகும்வரை சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, கொறை அவகிட்ட இல்ல, எங்கிட்ட" என்றேன். "ஆபரேசன் பண்ணுனது எனக்குத்தான். நான் சைக்கிள்லருந்து உழுகல."

செங்கோட்டையன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப இங்கயும் சேவல்தானுங்களா?"

"ஆமாங்க."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிறந்து பதினோரு நாளாகியும் நான் குழந்தையைத் தொடவில்லை. பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் கொடு என்று கேட்கும் யோக்கியதை இல்லை என்பதுதான் நிஜம். வசந்தாமணி எழுந்து வந்து குழந்தையை நீட்டினாள்.

"புடிங்க. முட்டையப் புடிக்கறாப்பல புடிச்சாப் போதும்."

வாங்கினேன். அத்தனை பேர் பார்க்க அழுதேன், துடைத்துக்கொள்ளக் கையில்லை.