தக்காளி வாங்கப் போனவள்

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, இனி பிழைக்கமாட்டாள் என்று ஆளாளுக்கு மனதுக்குள் முடிவுகட்டிவிட்ட பிறகு, கண்டக்டரின் மனைவி ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்து சுத்தமான கிரேக்க மொழியில் அரைக் கிலோ தக்காளி கேட்டாள். பழுத்ததாக இருக்க வேண்டும், அடியில் கிடக்கிற நசுங்கல் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னாள். நர்ஸ் சிரித்தேவிட்டாள். வெளிநாட்டுக்காரி ஒருத்தி மயக்கம் தெளிந்ததும் இத்தனை மரியாதையாகப் பேசி அவள் பார்த்ததில்லையாம். பக்கத்து நாற்காலியில் கழுத்து தொங்கத் தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் அலறியடித்து எழுந்து, "என்னம்மா, என்ன வேணும்?" என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரகலோ" என்றாள். தயவுசெய்து என்று அர்த்தம். கல்யாணம் ஆன நாள்முதல் அவரிடம் அவள் சொல்லியிராத வார்த்தை.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தக்காளிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

டாக்டர் பேசியதை மகன் தமிழில் சொன்னான். "கடைசியா கத்துக்கிட்டது தங்கிடுச்சாம்ப்பா. மொதல்ல இருந்தது போயிடுச்சாம். சில பேருக்கு இப்படி ஆகுமாம்."

"போனதுன்னா எங்கடா போச்சு?"

"அத அவர் சொல்லலப்பா."

மகனோடு வந்து இருக்கலாம் என்று இந்தக் கிரேக்க ஊருக்கு வந்த புதிதில், அவள்தான் போனில் பாடம் போட்டுக் கேட்க ஆரம்பித்தாள். கடைக்குப் போய்வரப் பேச்சுக் கிரேக்கம் என்று பாடத்துக்குப் பெயர். அடுப்பில் எது கொதித்தாலும் அதனிடம் ஒருமுறை விலை கேட்பாள். கண்டக்டருக்குச் சிரிப்பு தாங்காது. "கூட்டம் பிதுங்குற பஸ்ல ஏறாதவனுக்கும் டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தவன் நான். விரல நீட்டுனா எந்த ஊர்லயும் தக்காளி தானா வரும்" என்பார்.

"தக்காளி வரும்ங்க. எனக்கு வேண்டியது பேச்சு" என்பாள் அவள். "வீட்டுல இருக்குற ஒருத்தரும் பேப்பருக்குப் பின்னாடி குடியிருக்காரு."

தினமும் காய்கடைக்குப் போவாள். அரைக் கிலோ தக்காளி வாங்க அரை நாள் பிடிக்கும். திரும்பி வரும்போது முகம் விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். அங்கே அப்படி என்ன பேசினாள் என்று கண்டக்டர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபிறகு சிக்கல் முழுசாகத் தெரிந்தது. வீட்டில் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் கிரேக்கம் இருந்தது. எதுவும் அவளுக்கு உதவவில்லை. மகன் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை பார்ப்பவன். அவனுக்கு நட்டு, போல்ட்டு, நாலைந்து கெட்ட வார்த்தை. மருமகள் ஓட்டல் சலவைப் பிரிவு. அவளுக்குப் படுக்கை விரிப்பும் கறையும். நோயாளியிடம் வசவை விடவா, கறை போய்விட்டதா என்று கேட்கவா? கண்டக்டருக்கு அதுவும் இல்லை. அவர் தமிழில்தான் பேசினார். பழைய பஸ், பழைய சண்டை, மகன் பிறந்தபோது பெய்த மழை என்று விடாமல் பேசினார். அவள் அவர் வாயையே பார்ப்பாள். கண் நிறையும். ஒரு பக்கம் விழுந்துபோனதில் மிஞ்சிய நல்ல கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள். வாழ்நாள் முழுக்க அவள் அவரைக் கூப்பிட்ட "என்னங்க" ஒன்றாவது திரும்ப வராதா என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் போதும், மற்றதைக் கடவுளே வைத்துக்கொள்ளட்டும் என்று பேரம்கூடப் பேசிப் பார்த்தார்.

"மாமா, அத்தைகிட்ட தமிழ்ல பேசாதீங்க. ஒவ்வொரு தடவையும் அழறாங்க, ரத்த அழுத்தம் ஏறுது" என்றாள் மருமகள்.

"அப்புறம் எதுலம்மா பேசுறது? விசில்லயா?"

கேட்டாரே தவிர, மறுநாளே அவளுடைய போனை எடுத்து அதே பாடத்தைப் போட்டார். பல்செட்டைக் கழற்றி வைத்தால் உச்சரிப்பு நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்தார். ஒருநாள் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் போய் நின்றார்.

"வணக்கம். எனக்கு அரைக் கிலோ தக்காளி வேண்டும்" என்றார் கிரேக்கத்தில்.

அவள் முகம் மலர்ந்தது. "வணக்கம். எனக்கும் அரைக் கிலோ தக்காளி வேண்டும்."

"என்ன விலை?"

"என்ன விலை?"

"இதைவிடச் சின்னது இருக்கிறதா?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். கடைக்காரர் எங்கே என்று தேடினாள். போனில் இருந்த பாடம் முழுக்க வாங்குகிறவர் பேச்சு. விற்கிறவர் பேச்சை அதில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆளில்லாத கடையில் இரண்டு கிழங்கள் வரிசையில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேச்சின் மறுபாதியைத் தேடிக் கண்டக்டர் அவள் போகிற காய்கடைக்கே போனார். கடைக்காரர் கதவளவு ஆள். கண்டக்டர் எதுவும் வாங்காமல் தராசுக்குப் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்தார். வரித்துறை வேவுக்காரன் என்று நினைத்துக் கடைக்காரர் ஓர் ஆரஞ்சைக் கொடுத்துப் பார்த்தார். கண்டக்டர் அதைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றார். கடைசியில் தலையில் கைவைத்து, ஒரு பக்க உடம்பைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, தக்காளியைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். கடைக்காரருக்கு விளங்கிவிட்டது. பெரிய ஆள் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் கண்டக்டர் வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து மூட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு முக்காலி. வாடிக்கையாளரிடம் பேசும்போதெல்லாம் கடைக்காரர் பாதி முக்காலிப் பக்கம் திரும்பி, பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். வாங்க வந்தவர்கள் தங்களைச் செவிடர் என்று நினைத்துவிட்டாரோ என்று கோபித்துக்கொண்டார்கள்.

பிறகு வீட்டில் கடை நடந்தது. மருமகளின் சமையல் அங்கியைக் கட்டிக்கொண்டு, மாத்திரைத் தட்டில் தக்காளியை அடுக்கி, கண்டக்டர் வியாபாரத்தில் இறங்கினார். "இன்று வந்த சரக்கு அம்மணி. வேறென்ன வேண்டும்?" அவள் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தாள், ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள், சிரித்தாள். அழுகை நின்றது. ரத்த அழுத்தம் இறங்கியது. "அத்தை பேச்சு என்னமா தேறிடுச்சு மாமா!" என்றாள் மருமகள். வீடே நிம்மதியாகிவிட்டது.

கண்டக்டருக்குத்தான் தூக்கம் போயிற்று. அவள் அவரை "கிரியே" என்று கூப்பிட்டாள். ஐயா என்று அர்த்தம். காய் வாங்கி முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்போது விரலைப் பிடிப்பதில்லை; கடைக்காரர் விரலை எந்தக் குடும்பப் பெண் பிடிப்பாள்? அவர் தமிழில் பேசி அழவைத்த நாட்களில் அந்த அழுகை புருஷனைப் பார்த்து வந்த அழுகை என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினார். வந்த சிரிப்பு கடைக்காரருக்குப் போய்விட்டது.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. கல்யாணமான பெண்கள் யார் வந்தாலும் காய்கடைக்காரர் பையைக் கையில் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பார். கண்டக்டர் அதை முக்காலியில் உட்கார்ந்து பல நாள் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். ஒரு மத்தியானம், மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தபோது, தக்காளிப் பையை அவள் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்?"

அவள் நிமிர்ந்தாள். அவர் இதுவரை பார்த்திராத ஒரு வெட்கம் முகத்தில் வந்தது. காய்கடைக்கு மட்டும் தெரிந்த முகம்போலும்.

"நன்றாக இருக்கிறார். வீட்டில் இருக்கிறார்." கொஞ்சம் தேடி, இன்னொன்றும் சொன்னாள். "நல்ல மனிதர். பேசமாட்டார்."

கண்டக்டர் தட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் ஜன்னல் வெயிலைப் பார்த்தாள். சட்டென்று பதறினாள். "நேரமாகிவிட்டது. தனியாக இருக்கிறார். எனக்காகக் காத்திருக்கிறார்." நல்ல கையால் போர்வையைத் தள்ளிவிட்டுக் காலைத் தரையில் ஊன்றினாள்.

"எங்க போற? நான்தாம்மா! இதோ இருக்கேன் பாரு, நான்தான்!" என்று கத்தினார் கண்டக்டர் தமிழில்.

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். இதுவரை நல்ல மனிதராக இருந்த கடைக்காரர் திடீரென்று புரியாத பாஷையில் கத்துகிறார். "பரகலோ" என்றாள். "பரகலோ, கிரியே."

அவர் வாயை மூடிக்கொண்டார். போகிறவர்களிடம் சொல்ல ஒரு வார்த்தையை அந்தக் கடையில் கற்றிருந்தார்; போகாதே என்பதற்கு எந்தக் கடையிலும் வார்த்தை கிடையாது. விழுந்துவிடப் போகிறாளே என்று கையை நீட்டினார். அந்நிய ஆளின் கையைப் பிடிக்கக் கூசியவள், பையை அணைத்திருந்த கையின் விரல்நுனியால் அவர் சட்டைத் துணியை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒரு காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தாள். வாசலைத் தாண்டித் தெருவுக்கும் வந்தாள். மத்தியான வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு தக்காளிப் பையை இறுக்கிக்கொண்டு, வழி தெரிந்தவர் சொல்வார் என்று, அங்கியோடு நின்ற கடைக்காரரை அண்ணாந்து பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது.