இருமல் வந்த இடம்

கிரேக்கப் பரீட்சையில் என்னை மறித்தது ஓர் இருமல்.

குச்சவெளியில் என் கணவர் லெஸ்லி பார்த்த சபைப் பொறுப்பு எனக்குக் கிடைக்க வேண்டுமென்றால், புதிய ஏற்பாட்டை அதன் மூல மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். நெஞ்சு வருத்தத்தோடு படுக்கையில் கிடந்தபோது லெஸ்லி எனக்காகச் சில அதிகாரங்களை வாசித்துத் தன் போனில் பதிந்து வைத்தார். அவர் கண்மூடிய பிறகு, குசினியில் சமைக்கும்போதும் பஸ்ஸிலும் அதைத்தான் கேட்டேன். பரீட்சையில் போதகர் ஜக்சன் அதிலொரு பக்கத்தைக் காட்டினார். கடகடவென்று வாசித்தேன்.

"பொறுங்கோ லதுஷா. வசனத்துக்கு நடுவில ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"அவர் அதிலதான் இருமினவர், ஐயா."

போதகர் வேறொரு பக்கத்தைத் திருப்பினார். லெஸ்லி பதியாத பக்கம். ஒரு வரிகூட ஓடவில்லை.

"நீங்கள் கிரேக்கம் படிக்கேல்லை. லெஸ்லியைப் பாடமாக்கியிருக்கிறீங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது இல்லாட்டி எனக்கு ஓரெழுத்தும் தெரிஞ்சிராது! படிக்க உதவினதைப் பிழையெண்டு சொல்லாதேங்கோ!"

"உதவினது, ஓம். இப்ப அதுதான் உங்களைப் பக்கத்தைப் பார்க்க விடுகுதில்லை. அடுத்த பரீட்சை வரைக்கும் அதைக் கேளாதேங்கோ."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அந்தக் குரலைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது? லிங்கநகர் வீட்டுக்கு வந்து சேரும்வரை மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். ஆனாலும் அந்தப் பக்கத்தின் முன் நான் முழித்த முழி எனக்குத்தானே தெரியும். போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வீடு வெறிச்சென்று போனது. விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஓரங்கள் கிழிந்தன. துறைமுகத்தில் கப்பல் ஊதினால், பதிவுக்குள் ஊதுகிற கப்பல் நினைவுக்கு வந்துவிடும். சாவியை எடுப்பேன், திருப்பி வைப்பேன். அழுதுகொண்டும் படித்தேன். மெல்ல மெல்ல வரியாக வாசிக்க வந்தது.

மறுபடி போனபோது ஜக்சன் ஐயா எங்கெங்கோ திருப்பினார். எல்லாம் வாசித்தேன். கடைசியில் அந்தப் பழைய பக்கத்தைக் காட்டினார். நில்லாமல் வாசித்துப் போனேன்.

"குச்சவெளிக்கு வெளிக்கிடுங்கோ" என்றார்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். போனைச் சார்ஜில் போட்டு, அவர் குரலோடு சேர்ந்து வாசித்தேன். அந்த இடம் வந்தது. எனக்கு நிற்க வரவில்லை. நான் வசனத்தின் முடிவுக்குப் போய்விட்டேன். அவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார்.

அவர் வரும்வரை அங்கேயே காத்திருந்தேன்.