அனுமதி இல்லாத கடிகாரம்

ரமலானுக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் நாத்தனார் தலெந்தா மதினி என் கைப்பேசியைச் சுத்தம் செய்து வைத்தார். நான் அப்போது ஏணியில் நின்று ஜன்னலின் மேல்கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நோன்பு மாதம் வருகிறதென்றால் துனிசியாவின் சூஸ் நகரத்தில் எந்த வீட்டிலும் எதுவும் தப்பாது. சுவருக்கு வெள்ளையடிப்போம், கம்பளத்தை மொட்டைமாடியில் போட்டு அடிப்போம், செம்புப் பானைகளை முகம் தெரிகிறவரை தேய்ப்போம். மதினி வருஷம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு ஒத்தாசைக்கு வருவார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் என் கணவர் ஹெடி அன்றைக்குக் கைரவானுக்கு ஒரு நடை கூடுதலாகப் போய்விடுவார். ஊருக்கு ஊர் ஆள் ஏற்றும் லுவாஜ் வண்டி ஓட்டுகிறவருக்கு அப்படி ஒரு வசதி.

"ஏண்டி ஒல்ஃபா, இந்தப் போன்ல எத்தன செவப்புப் புள்ளி இருக்கு பாரு. பதினேழு எண்ணிட்டேன்," என்றார் மதினி கீழேயிருந்து. "இத்தன குப்பையோடவா நோன்ப வரவேற்பே?"

நான் இறங்கி வருவதற்குள் வினிகர்த் துணியால் கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு புள்ளியாக அமுக்கி, அது கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லி முடித்திருந்தார். எல்லாச் செயலிகளும் புதுசாகிவிட்டன. தூசியைப் பொறுக்காதவர் சிவப்புப் புள்ளியை மட்டும் பொறுப்பாரா? கைப்பேசி உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. நான் நன்றிகூடச் சொன்னேன். என் கடிகாரம் ஊமையாகிவிட்டது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் சர்க்கரை வந்தது. இன்றுவரை ஊசிதான். முதலில் சில வருஷங்கள் சர்க்கரை இறங்கினால் உடம்பே சொல்லிவிடும், வியர்க்கும், கை நடுங்கும், வாய் உலரும். அப்புறம் அது நின்றுபோனது. சொல்லிச் சொல்லிப் பார்த்து உடம்புக்கு அலுத்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சந்தையில் மத்தி மீன் விலை கேட்டுக்கொண்டு நின்றேன். அடுத்து நான் பார்த்தது ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமே இல்லை. வலியில்லை, மயக்கம் வருகிற மாதிரியும் இல்லை. எனக்குப் பயமே அதுதான். சாகிறபோது எனக்கு அது தெரியக்கூடச் செய்யாது.

அதற்குப் பிறகுதான் இடது கையில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சர் ஒட்டிக்கொண்டேன். அது சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும். ஆனால் நான் வேலை செய்கிற கார் வயர் தொழிற்சாலையில் கைப்பேசி கூடாது. கார் கம்பெனிக்காரர்கள் தங்கள் வடிவமைப்பை யாராவது படம் எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். டாக்டர் கடிதம் கொடுத்து, மேற்பார்வையாளர் ஷூக்ரியிடம் கெஞ்சி, கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. கைப்பேசியின் கேமரா மேல் டேப் ஒட்டி, ஷூக்ரியின் மேஜையில் உள்ள கூடையில் போட்டுவிட வேண்டும். என் இடத்திலிருந்து அது இருபது எட்டு வைக்கிற தூரம். அழுத்தும் இயந்திரங்களின் சத்தத்தில் அது எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதனால்தான் கைப்பேசி பழுதுபார்க்கும் நூமான் கடையில் ஒரு மலிவான கடிகாரம் வாங்கினேன். சர்க்கரை எண் எழுபதுக்குக் கீழே போனால் கைப்பேசி கடிகாரத்துக்குச் சொல்லும், கடிகாரம் என் மணிக்கட்டில் உதைக்கும். நான் கழிப்பறைக்குப் போய் நான்கு சர்க்கரைக் கட்டியைக் கடித்துவிட்டு வந்துவிடுவேன். பதினான்கு மாதம் இப்படித்தான் ஓடியது. இறங்கினது வரிசையில் ஒருவருக்கும் தெரிந்ததில்லை.

இப்போது சென்சரின் செயலியைத் திறந்தால் ஒரு வரி வருகிறது. இந்தக் கடிகாரத்துக்கு அனுமதி இல்லை, அங்கீகரிக்கப்பட்ட கடிகாரத்தை இணைக்கவும் என்று. கீழே ஒரு கடிகாரத்தின் படம். சென்சர் கம்பெனி போன வருஷம் தானே ஒரு கடிகாரம் செய்து விற்க ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊரில் அது கிடைக்காது. பாரிஸிலிருந்து யாராவது கொண்டுவந்தாலும் என் மூன்று மாதச் சம்பளம்.

நூமான் தன் கடையில் என் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். புதுச் செயலியை அழித்தார், எங்கிருந்தோ பழையதைத் தேடிப் போட்டார். பழையது திறந்தது. திறந்த உடனே, புதுப்பித்தால்தான் மேலே போக முடியும் என்று நின்றுகொண்டது.

"கடிகாரம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"கடிகாரத்துக்கு ஒண்ணுமே இல்லக்கா. நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. கம்பெனிக்காரன் இதக் கூப்பிட மாட்டேங்கிறான், அவ்வளவுதான்." நூமான் கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். "கதவும் அவனோடது, பூட்டும் அவனோடது. நாம வாசல்ல நின்னு தட்டிட்டிருக்கோம்."

"உள்ள இருக்கிறது என் சர்க்கரை தானேப்பா."

அவர் காசு வாங்கவில்லை.

கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குரலைக் கேட்டால் துனிஸ் பக்கத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. உங்கள் பாதுகாப்புக்காக நாங்கள் சோதித்த கருவிகளோடு மட்டும்தான் எங்கள் செயலி வேலை செய்யும் என்று எழுதி வைத்ததைப் படித்தாள். பதினாலு மாசமா நான் பாதுகாப்பாத்தானேம்மா இருந்தேன், இன்னிக்குத்தானே இல்ல என்றேன். அவள் அதே வாக்கியத்தை மறுபடி படித்தாள், இந்த முறை மெதுவாக. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார்.

முதல் நோன்பன்று மதியம் ஹெடி என்னைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டார். எங்களுக்கு ஒரு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு முடிகிற முறை. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"ஒரு மாசம் லீவு போட்டுடேன்."

"லீவு போட்டா வேற ஆளு வந்து நிக்கும். அப்புறம் எனக்கு அங்க இடம் இருக்காது. சென்சருக்கு வர்ற இன்சூரன்ஸும் அந்த வேலையோட போயிரும்."

"அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லல," என்றார். "சொன்னா அழுது தீர்த்துருவா."

"சொல்லாதீங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? புள்ளியத்தான் தொடச்சாங்க."

சொல்லிவிட்டேனே தவிர, மனசுக்குள் மதினியைத் திட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். நோன்பு நாளில் திட்டக்கூடாது. சர்க்கரையால் நோன்பு பிடிக்க முடியாதவள் திட்டலாமா என்று யாரிடமும் கேட்டதில்லை.

எங்கள் வரிசையில் ஒன்பது பெண்கள். நான் ஐந்தாவது, மப்ரூகா ஆறாவது. வயர் முனைகளை நிறம் பார்த்துக் கனெக்டர் என்கிற பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகி, கூட்டை அதன் ஜோடிக்குள் அழுத்துவது என் வேலை. ஒவ்வொரு கூட்டின் ஓரத்திலும் சின்னதாக ஒரு பல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எதற்கு என்று பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டேன். மின்சாரம் அது வழியாகப் போகாது, பிடிமானத்துக்கும் இல்லை, இடம் மாறின கூடு உள்ளே நுழையாமல் இருக்கத்தான், அடுத்த கம்பெனிக் கூட்டையும் தடுக்கத்தான் என்றார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. வேலைக்காரர்களிலேயே கொடுத்துவைத்தவன் இந்தப் பல்லுதான், வேண்டாம் என்று சொல்வதற்கே சம்பளம் என்று மப்ரூகா சொன்னாள். முதல் நோன்பன்றைக்கு அந்தப் பல்லை நான் வெறுப்போடு பார்த்தேன். ஒரு நாளைக்கு அறுநூறு பல்லை நானே என் கையால் பொருத்துகிறேன்.

மப்ரூகாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "நீலத்த வெள்ளைக் குழியில செருகினேன்னா முதுகுல ஒண்ணு போடு."

"நீ நல்லா இருக்கறப்பவே அப்படித்தானேடி செருகுவே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மணிக்கு ஒரு தடவை போய்க் கைப்பேசியைப் பார்த்துக்கொள்ள ஷூக்ரி ஒத்துக்கொண்டார். இன்று கார் கம்பெனி ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அந்த நேரத்தில் மட்டும் வரிசையை விட்டு நகராதே என்றார். இரண்டு மணிக்கு நூற்று முப்பது. மூன்று மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு, பக்கத்தில் அம்பு கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. கழிப்பறையில் இரண்டு கட்டி கடித்தேன். வாயைக் கொப்பளித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நோன்பு பிடித்தவர்கள் நடுவில் மென்றுகொண்டு நிற்க எனக்குக் கூச்சம். போன வருஷம் மூன்றாவது இடத்து ஃபௌஸியா, சிலருக்கு வருஷா வருஷம் ஏதாவது ஒரு சாக்கு கிடைச்சிருது என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொது நான்தான்.

மூன்றரைக்குக் கார் கம்பெனி ஆட்கள் வந்துவிட்டார்கள். நான்கு மணிக்கு என்னால் போக முடியவில்லை. நான் நன்றாக இருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. சந்தையில் மீன் முன்னால் நின்றபோதும் அப்படித்தான் பட்டது. கையை நீட்டிப் பார்த்தேன், நடுங்கவில்லை. நடுக்கம் நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது என்பது உடனே ஞாபகம் வந்தது. கேள்வி கேட்கிறவளையே நம்ப முடியாதபோது அவள் சொல்லும் பதிலை வைத்து என்ன செய்வது? மணிக்கட்டில் கடிகாரம் கிடந்தது. பழக்கத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நாலு பத்து என்று காட்டியது. வயர்கள் வந்துகொண்டே இருந்தன. பச்சை, வெள்ளை, பழுப்பு. மனசு லேசாக இருந்தது. எதற்காக இவ்வளவு பயந்தோம் என்று தோன்றியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்து எனக்குத் தெரிந்தது மப்ரூகாவின் விரல். என் வாய்க்குள் இருந்தது. அதற்கடுத்து இனிப்பு. நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு வரிசையில் நிற்கும்போதே வந்துவிடும் என்பதால் எல்லோரும் ஏப்ரன் பையில் மூன்று பேரீச்சம்பழம் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைக் கொட்டை எடுத்து, நசுக்கி, என் கன்னத்துக்குள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்கு. முழுங்குடி, என் ராசாத்தி. கடிக்காத, என் வெரல் அது."

நான் ஸ்டூலில் இருந்தேன். யார் உட்கார வைத்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு முதுகு மறைத்து நின்றது. ஃபௌஸியாவின் முதுகு. தன் இடத்தை விட்டு வந்து, என் வயர்களையும் சேர்த்துச் செருகிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டித் தன் பையிலிருந்த ஒரு பழத்தை என் மடியில் வைத்தாள். அதையும் தின்றேன். பகல் வெளிச்சத்தில், எட்டு நோன்பாளிகளுக்கு நடுவில், தாடை வலிக்க மென்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். நாக்கு தடித்திருந்தது.

"சிரிச்சிட்டே இருந்தே. பத்து நிமிஷமா. நீ என்ன சிரிக்கிற ஆளா?" மப்ரூகா விரலை ஏப்ரனில் துடைத்தாள். அதிலிருந்த இனிப்பு அவள் வாய்க்குப் போகாமல் கவனமாகத் துடைத்தாள். "நாளைக்குச் சிரிக்காம இறங்கிச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

இன்னும் இருபத்தொன்பது நாள் இருந்தது. பெருநாள் முடிந்தாலும் சர்க்கரை முடியாது. இருபது எட்டுத் தள்ளி, கூடைக்குள் கைப்பேசி மினுங்கி மினுங்கி அணைந்தது. எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்ததோ. மணிக்கட்டில் நாலு நாற்பத்தொன்று.

அப்போதுதான் உள்ளங்கை எரிவதைக் கவனித்தேன். நடுவில் சின்னதாக, ஆழமாக ஒரு வெட்டு. மேஜையில் நான் கடைசியாகச் செய்த கனெக்டர் கிடந்தது. வேறொரு வண்டிக்கான கூட்டை எங்கிருந்தோ எடுத்து, இதன் ஜோடிக்குள் வைத்து அழுத்தியிருக்கிறேன். எவ்வளவு பலமாக அழுத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஓரத்துப் பல் உடைந்து பக்கத்தில் கிடந்தது. மற்றபடி இரண்டும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தன. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

ஷூக்ரி கார் கம்பெனி ஆட்களை அழைத்துக்கொண்டு எங்கள் வரிசைப் பக்கம் திரும்பினார். ஃபௌஸியா தன் இடத்துக்குப் போனாள். மப்ரூகா அந்தக் கனெக்டரைச் சட்டென்று எடுத்து, மீதி இரண்டு பேரீச்சம்பழத்தோடு சேர்த்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை. அவள் பையில், துணிக்கு அடியில், அதன் மூலை துருத்திக்கொண்டு நின்றது.